மூன்று மில்லிமீட்டர்

“டீச்சர், நொடிக்கு இருநூறு பைட்டுல ஒரு பிள்ளைய எப்பிடி அனுப்ப?”

பால்துரை கேட்டார். குரலில் கோபம் பாதி, அழுகை பாதி.

இசக்கியம்மாள் டிபன் டப்பாவைத் திறந்தார். சோறும் நெத்திலிக் குழம்பும்.

“பிள்ளைய யாரு அனுப்பச் சொன்னா?”

“பின்ன என்னத்த அனுப்ப?”

“மொதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி.”

பால்துரை சாப்பிட்டார். பதில் கிடைக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

*

குருவுக்கு முப்பத்துமூன்று வயது. சீடருக்கு நாற்பத்தொன்பது. குரு என்றால் வெள்ளைத் தாடி வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

தூத்துக்குடியில் துறைமுகம் போகும் சாலையில் ஒரு மாடி. கீழே படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை. மேலே இரண்டு மேசை, நான்கு கம்ப்யூட்டர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி.

கம்ப்யூட்டருக்குள் முப்பரிமாண உருவங்களை அசைய வைப்பது இசக்கியம்மாளின் வேலை. அந்த அசைவைச் சுருக்கித் தொலைவுக்கு அனுப்புவார். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தக் கணமே அது படமாக அசையும்.

பால்துரை இருபத்திரண்டு வருடம் கல்யாண வீடியோ எடிட் செய்தவர். மழை கொட்டிய கல்யாணங்களில் அவர் கையால் வெயில் அடித்திருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டு வராமல் போன தாய்மாமன், குடும்பப் படத்தில் இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் அதெல்லாம் அலுத்துப்போயிற்று.

“உள்ளத உள்ளபடி வரையச் சொல்லித் தாங்க” என்று மாடியேறி வந்தார்.

இசக்கியம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆறு மாதம் ஆயிற்று.

*

சுகந்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. தோளில் நான்கு மாதக் குழந்தை அமலி.

“எங்க வீட்டுக்காரரு ரெமிஜியுஸ். சரக்குக் கப்பல்ல சமையல்காரரு. இவ பொறந்து பத்தாம் நாளு கப்பலேறிட்டாங்க. திரும்பி வர இன்னும் அஞ்சு மாசம் ஆகும்.”

“சரிம்மா.”

“அவுங்க தூங்கவே மாட்டக்காங்க அக்கா. தூங்காமலே அடுப்பு முன்னால போய் நிக்காங்க. போன வாரம் கொதிக்கிற எண்ணெய கையில கொட்டிக்கிட்டாங்க.”

“ஏன் தூங்க மாட்டக்காரு?”

சுகந்தி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

“எங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு பையன் இருந்தான். மூணு மாசப் பிள்ள. மத்தியானம் தூங்கப் போட்டேன். எந்திரிக்கல. டாக்டருக்கே காரணம் தெரியல. அப்பவும் அவுங்க கடல்லதான் இருந்தாங்க.”

கீழே கடையில் யாரோ ஒரு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். அது இருமி நின்றது.

“இவ நல்லா இருக்கான்னு ஃபோன்ல சொன்னா நம்ப மாட்டக்காங்க. கண்ணால பாக்கணுமாம். கப்பல்ல வீடியோவும் வராது.”

“நீ சொன்னாகூட நம்ப மாட்டாரா?”

சுகந்தி தரையைப் பார்த்தாள்.

இசக்கியம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தையின் காலைப் பிடித்து லேசாக ஆட்டினார். அது பதிலுக்கு உதைத்தது.

“வீடியோ போகாது. உருவம் போகும். அண்ணாச்சி, இது உங்க வேலை.”

*

வேலை இதுதான்.

தொட்டிலுக்கு மேலே, தூரத்தை அளக்கும் ஒரு கேமரா. அது அமலியைப் பதினோராயிரம் புள்ளிகளாகப் பார்க்கும். அந்த முழு உருவத்தையும் ஒரே ஒருமுறை, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக, கப்பலுக்கு அனுப்பி வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும் போகும். கப்பலில் இருக்கும் லேப்டாப் அதைக்கொண்டு அமலியை வரைந்தபடி இருக்கும். இங்கே அவள் காலை உதைத்தால், கப்பல் போகும் அட்லாண்டிக் கடலிலும் உதைப்பாள்.

கப்பல் கொடுத்த வழியோ நொடிக்கு இருநூறு பைட். ஒரு குறுஞ்செய்தி அளவு.

அதனால்தான் பால்துரைக்கு அன்று பாதி கோபமும் பாதி அழுகையும்.

டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு இசக்கியம்மாள் கேட்டார்.

“கேமராவுக்கு முன்னால ஒரு செங்கல்ல வச்சுப் பாத்தியளா?”

“பாத்தேன். செங்கல்லே நடுங்குது டீச்சர். கேமராவோட கோளாறு.”

“எவ்வளவு நடுங்குது?”

“மூணரை மில்லிமீட்டர்.”

“அப்ப?”

பால்துரை தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

நான்கு மில்லிமீட்டருக்குக் குறைவாக அசைவதெல்லாம் வெறும் நடுக்கம். அதை அனுப்பவே வேண்டாம்.

அந்த ஒரு விதியில் பாரம் இறங்கிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் அவர் தன் பழைய கைவரிசையைக் காட்டினார். கன்னத்தில் மினுக்கம், ஒவ்வொரு கண்ணிமை முடி, காதோரம் சுருண்ட மயிர். மூன்று வாரம் முகத்திலேயே கிடந்தார்.

*

புதன்கிழமை மத்தியானம் சுகந்தியின் வீட்டில் கேமராவை மாட்டினார்கள். கப்பலில் அப்போது காலை. ஃபோனில் ரெமிஜியுஸ் இருந்தார்.

“தெரியுதா தம்பி?” என்றார் பால்துரை.

 மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

“அண்ணாச்சி, காலப் பாருங்க! உதைக்கா!”

“உதைக்கா தம்பி.”

“கண்ணிமைகூட தெரியுது!”

“அது நான் தனியா செஞ்சேன்” என்றார் பால்துரை. சொல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர்தானே.

அரைமணி நேரம் அமலி உதைத்தாள், கையை வாயில் வைத்தாள், கொட்டாவி விட்டாள். பிறகு தூங்கிப்போனாள்.

பால்துரை திரும்பி, தாழ்ந்த குரலில் பெருமையடித்தார்.

“டீச்சர், இப்ப ஒரு பைட்கூட போகல. பூஜ்யம்.”

அப்போது ஃபோனில் ரெமிஜியுஸ் கத்தினார்.

“பிள்ளைய எழுப்பு!”

“தூங்...”

“எழுப்பு சுகந்தி! எழுப்பு!”

சுகந்தி பாய்ந்து குழந்தையை எடுத்துக் குலுக்கினாள். அது வீறிட்டு அழுதது. கப்பலில் உருவம் துள்ளியது. ரெமிஜியுஸும் அழுதார். அந்த வீட்டில் கொஞ்ச நேரத்துக்கு அழாதவர் யாரும் இல்லை.

அன்றிலிருந்து அமலி கண்ணை மூடினால் ஃபோன் வந்தது. எழுப்பு என்றார். சுகந்தி எழுப்பினாள். நான்கு நாளில் குழந்தைக்குக் குரல் கம்மிவிட்டது. தூங்காத ஆள் முன்பு ஒருவர். இப்போது மூவர்.

*

“நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?”

இசக்கியம்மாள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீட்டினார்.

“இது எதுக்கு?”

“பிள்ள தூங்கும்போது பக்கத்துல போய் உக்காருங்க. நெஞ்சு எவ்வளவு ஏறி இறங்குதுன்னு அளந்துட்டு வாங்க.”

பால்துரை போனார். தொட்டில் பக்கத்தில் மண்டி போட்டு, ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தன் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தார்.

திரும்பி வந்தார்.

“மூணு டீச்சர்.”

“நம்ம விதி?”

“நாலு.”

பால்துரை ஸ்கேலை மேசையில் வைத்தார்.

தூங்கும் குழந்தையிடம் மூச்சு ஒன்றுதான் அசைகிறது. அதைத்தான் அவர்கள் நடுக்கம் என்று வடிகட்டியிருந்தார்கள். பெற்றவன் திரையில் பார்த்தது கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தெரிகிற, மூச்சு விடாத ஒரு பிள்ளையை.

“அந்த விதிக்கு வழி காட்டுனது நான்” என்றார் இசக்கியம்மாள். கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

*

பால்துரை விதியை இரண்டு மில்லிமீட்டராக்கினார். செங்கல்லில் கண்ட கேமரா நடுக்கமெல்லாம் கிளம்பி வழியை அடைத்துக்கொண்டது. குழந்தை இங்கே அழுது முடித்துப் பால் குடிக்கும்போது, கப்பலில் அழ ஆரம்பித்தது.

மறுபடியும் நாலாக்கினார். மூச்சு நின்றது.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஓடி வந்தார்.

“வழி கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்!”

திரையில் அமலி தூங்கினாள். நெஞ்சு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. உதடு லேசாகப் பிரிந்தது. பார்த்தவருக்கு வாயில் விரல் வைத்து உஸ் என்று சொல்லத் தோன்றும், அப்படி ஒரு தூக்கம்.

இசக்கியம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

“அழகா இருக்கு.”

“ஒரு பைட் செலவில்ல. பிள்ள அசையாம கிடந்தா, கப்பல்ல இருக்க லேப்டாப்பே மூச்ச போட்டுக்கிடும். மூணு ஏறும், மூணு இறங்கும். நடுவுல ஒரு பெருமூச்சுகூட வச்சிருக்கேன்.”

இசக்கியம்மாள் எழுந்தார். தொட்டில் கேமராவின் தகவலைக் கொண்டுவரும் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினார். கேபிளைப் பால்துரை மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார்.

டீ குடித்து, எஞ்சின் கடைக்காரரோடு மழை வருமா என்று பேசி, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

திரையில் அமலி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பால்துரை மடியில் கேபிளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் தூங்குதா?” என்றார் இசக்கியம்மாள்.

பால்துரைக்குக் கோபம் வந்தது.

“வீடியோ கேம் எல்லாத்துலயும் இப்பிடித்தான் செய்யுதாங்க. சும்மா நிக்க ஆளுக்கு மூச்சு போட்டு விடுதாங்க.”

“சரிதான்.”

“அந்த மனுசன் தூங்குவாரு டீச்சர். பிள்ளயும் தூங்கும். எண்ணெய கையில கொட்டிக்கிட மாட்டாரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. பிள்ளையப் பெத்தவகிட்ட கேளுங்க. அவ சரின்னா சரி.”

*

சுகந்தியிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினார் பால்துரை. மூச்சு தானாக வரும் என்பதை ஒளிக்கவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

சுகந்தி திரையைத் தொட்டாள். விரலுக்குக் கீழே நெஞ்சு ஏறி இறங்கியது.

“அவளேதான்” என்றாள்.

“அப்ப அனுப்பிரட்டுமாம்மா?”

 பக்கத்துத் தொட்டிலில் அமலி நிஜமாகத் தூங்கினாள்.

“அண்ணாச்சி, பையன் இறந்தப்ப கப்பல் கரைக்கு வர பதினோரு நாளு இருந்தது. நடுக்கடல்ல சொன்னா அவுங்க ஏதாவது செஞ்சிக்கிடுவாங்கன்னு எல்லாரும் பயந்தாங்க. கரை வந்த பிறகு சொல்லிக்கலாம்னு முடிவாச்சு.”

“ம்.”

“அவுங்க தினம் ஃபோன் பண்ணினாங்க. பையன் எங்கன்னு கேட்டாங்க. தூங்குறான்னு சொன்னோம்.”

பால்துரை லேப்டாப்பை மெல்ல மூடினார்.

“பதினோரு நாளும் தூங்குறான்னுதான் சொன்னோம். கொஞ்சம் எழுப்பு, குரலக் கேக்கணும்னாங்க. இப்பதான் தூங்குனான், எழுப்புனா அழுவான்னு சொன்னேன். வேற யாரும் இல்ல. நான் சொன்னேன்.”

அவள் அழவில்லை. பால்துரைதான் அழுதார்.

*

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, சுகந்தி தொட்டிலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் நெஞ்சில் வைத்திருப்பதைப் பார்த்தார்.

“என்னம்மா செய்யுத?”

“மூச்சு பாக்கேன்.”

“கண்ணால பாத்தா தெரியாதா?”

“சில நேரம் தெரியாது. போர்வ அசைஞ்சா மூச்சு மாதிரி இருக்கும். மூச்சு வந்தாலும் வராத மாதிரி இருக்கும். கை வச்சாத்தான் நிச்சயம்.”

பால்துரை தயங்கினார்.

“நான் வச்சுப் பாக்கலாமா?”

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கல்யாண வீடியோ எடிட் செய்த பெரிய கை. அது கழுத்திலிருந்து தொப்புள் வரை குழந்தையை மூடிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்கை முழுவதையும் ஏதோ ஒன்று மேலே தள்ளியது. விட்டது. மறுபடியும் தள்ளியது.

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சுகந்தி காப்பி போட்டுக் கொண்டுவந்த பிறகுதான் எடுத்தார்.

*

“டீச்சர், ஒரு கை எத்தன புள்ளியத் தொடும்?”

இசக்கியம்மாள் பாதி வாய்ச் சோற்றோடு நிமிர்ந்தார். இந்த மாடிக்கு வந்த மூன்று வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“நீங்களே சொல்லுங்க.”

“உள்ளங்க அளவுக்கு அறுநூறு புள்ளி வருது. கேமரா நடுங்கும்போது ஒவ்வொரு புள்ளியும் தன் இஷ்டத்துக்கு ஆடுது. ஒண்ணு மேல போனா ஒண்ணு கீழ போகுது. மூச்சு வந்தா அறுநூறும் சேந்து எழும்புது.”

“ம்.”

“அறுநூறையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். நடுக்கம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிருது. மூச்சு மட்டும் மிஞ்சுது. அனுப்ப வேண்டியது ஒரே ஒரு எண்ணு. நொடிக்குப் பத்துத் தடவ அனுப்புனாலும் வழி காலியாக் கிடக்கு.”

“இதுல என்ன சிக்கல்?”

பால்துரையின் முகம் வாடியது.

“உருவம் பூராவும் இருந்தா லேப்டாப் திணறுது. கப்பல்ல அவருகிட்ட இருக்கது பழைய லேப்டாப். கண்ணிமை, காது, கன்னத்து மினுக்கம்னு வரைய ஆரம்பிச்சா, மூச்சு பிந்திப் போகுது. நிஜ மூச்சு இறங்கும்போது அங்க ஏறுது.”

“பிந்தலாமா?”

“கூடாது.”

“அப்ப?”

பால்துரை தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

முதலில் திரையிலிருந்த அமலியின் விரல்களை எடுத்தார். கை வெறும் உருண்டையானது. காதை எடுத்தார். சுருண்ட மயிரை எடுத்தார். நிறத்தை எடுத்தார். அமலி மண்ணில் பிடித்துவைத்தது போல ஆனாள்.

முகத்தில் நின்றுவிட்டார்.

“மூணு வாரம் டீச்சர்.”

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

“அந்த மனுசன் பிள்ள முகத்தப் பாத்துத்தான் அன்னிக்கி அழுதாரு.”

“அதுவும் தெரியும்.”

இசக்கியம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.  தோளில் கை வைக்கவில்லை. வெறுமனே நின்றார்.

பால்துரை கண்ணிமை முடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார். முகம் வழவழவென்று ஒரு மேடாயிற்று.

அந்த முகமில்லாத உருவத்தில் நெஞ்சு ஏறியது. தொட்டிலில் ஏறிய அதே கணத்தில் ஏறியது.

“கேபிளப் பிடுங்குனா?” என்றார் இசக்கியம்மாள்.

“உருவமே மறைஞ்சிரும். தெரியலன்னு எழுத்து வரும்.”

“பயந்துருவாரே.”

“பயப்படட்டும் டீச்சர்” என்றார் பால்துரை. “நமக்குத் தெரியாதப்ப தெரியலன்னுதான சொல்லணும்?”

இசக்கியம்மாள் தன் டிபன் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

*

சனிக்கிழமை மத்தியானம், சுகந்தியின் வீடு. அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். கப்பலில் காலைச் சமையல் முடிந்திருந்தது.

“தெரியுதா தம்பி?”

“என்னமோ தெரியுது” என்றார் ரெமிஜியுஸ். “முகம் எங்க அண்ணாச்சி?”

“எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“உங்க லேப்டாப்புக்குப் பலம் பத்தல தம்பி. மூச்சு பிந்தாம வரணும்னா முகத்த விட வேண்டியதாப் போச்சு.”

ஃபோனில் அலைச் சத்தமா, எஞ்சின் சத்தமா, ஏதோ இரைந்தது.

“இந்த மூச்சு?”

“அவ மூச்சு. நம்ம போட்டது இல்ல. இப்ப இந்த வீட்டுல அவ விடுத மூச்சு.”

 சுகந்தி ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றாள். கேட்டால் எழுப்பத் தயாராக, தொட்டில் கயிற்றில் ஒரு கையை வைத்திருந்தாள். 

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று.

அப்போது இணைப்பு அறுந்தது. வானத்தில் எங்கேயோ ஒரு மேகம் குறுக்கே வந்திருக்கும். பால்துரையின் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. கப்பலில் இப்போது உருவம் இருக்காது. ஒரே ஒரு சொல் இருக்கும்.

ஃபோன் வேறு இணைப்பு, அது மட்டும் அறுபடவில்லை.

பால்துரை நொடிகளை எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. சுகந்தி தொட்டிலை நோக்கிக் குனிந்தாள். எட்டு.

ஒன்பதாவது நொடியில் விளக்கு பச்சையானது.

பால்துரை ஃபோன் பக்கம் குனிந்தார்.

“தம்பி?” என்றார் பால்துரை. “தம்பி, பயந்துட்டியளா?”

“பயந்துட்டேன்.”

“மன்னிச்சுக்கிடுங்க தம்பி. இணைப்பு போயிருச்சு. அந்த நேரம் எங்களுக்குத் தெரியல, அதான்...”

“தெரியலன்னு எழுதி வந்துச்சு அண்ணாச்சி.”

“ஆமா.”

“அப்புறம் மூச்சு வந்துச்சு.”

“ஆமா தம்பி.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, இரண்டு வருடமாகத் தூங்காத ஒரு மனிதனின் நீண்ட கொட்டாவி.

“நான் கொஞ்சம் படுக்கேன்” என்றார் ரெமிஜியுஸ். “பிள்ளைய எழுப்பாதிய.”